உடம்புக்குள் மறையும் பிளாஸ்டிக்: குலசேகரத்திலிருந்து வந்த மூன்று கேள்விகள்

குமரி மாவட்டத்துக் குலசேகரத்திலிருந்து நண்பர் ஒருவர் மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறார். ரப்பர் பால்வடிப்புத் தொழிலாளியான அவருடைய மாமா மழையில் பைக்கோடு சறுக்கி விழுந்ததில் முழங்கால் ஜவ்வு அறுந்துவிட்டது. நாகர்கோவிலில் காட்டியிருக்கிறார்கள். அறுவை சிகிச்சை செய்து புது நார் வைக்க வேண்டும், அதைப் பிடித்து நிறுத்த டைட்டானியம் திருகு போடலாம் அல்லது உடம்பிலேயே கரைந்துபோகும் திருகு போடலாம், இரண்டாவதற்கு விலை கூடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கரையும் திருகு பிளாஸ்டிக்தானே, அது உடம்புக்குள் கரைந்தால் கெடுதல் வராதா என்பது முதல் கேள்வி. இப்படிக் கரையும் பொருளையும் ஸ்டெம் செல்லையும் வைத்து ஜவ்வைப் புதிதாக வளர்த்துவிடலாம், ஆபரேஷனே வேண்டாம் என்று ஒரு விளம்பரம் வந்ததே, அது உண்மையா என்பது இரண்டாவது. நம் மாவட்டத்து ரப்பரை இதற்குப் பயன்படுத்த முடியாதா என்பது மூன்றாவது. பாலிமர் வேதியியலில் காலம் தள்ளியவன் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். பொருளைப் பற்றி நான் சொல்லலாம். காலைப் பற்றிக் கடைசி வார்த்தை அறுவை மருத்துவருடையது.

மாமாவுக்கு அறுந்திருப்பது முன்சிலுவைத் தசைநாராக இருக்க வேண்டும். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் குறுக்காகக் கட்டி வைத்திருக்கும் பட்டை அது. முழுதாக அறுந்தால் தானாக ஒட்டுவது அரிது. அதனால் தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்து, இரண்டு எலும்புகளிலும் சுரங்கம்போல் துளையிட்டு, அதற்குள் இழுத்துப் பொருத்துகிறார்கள். திருகின் வேலை அந்த நாரைத் துளையின் சுவரோடு அழுத்திப் பிடிப்பது மட்டும்தான். எலும்பு வளர்ந்து நாரைத் தானே பற்றிக்கொள்ள ஏறத்தாழ 8 முதல் 12 வாரம் ஆகும். அதற்குப் பிறகு திருகுக்கு அங்கே வேலை இல்லை. வேலை முடிந்த பொருள் இடத்தைக் காலி செய்தால் நல்லதுதானே என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் கரையும் திருகு.

அது பிளாஸ்டிக்தானே என்றால், ஆம், பிளாஸ்டிக்தான். ஆனால் எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒரே இனம் அல்ல. மளிகைக் கடைப் பையில் இருக்கும் பாலிஎத்திலீன் கார்பனோடு கார்பன் கோத்த நீண்ட சங்கிலி. தண்ணீரால் அதை ஒன்றும் செய்ய முடியாது. திருகு பெரும்பாலும் பாலிலாக்டிக் அமிலத்தால் ஆனது. அதன் சங்கிலியில் சில அணுக்களுக்கு ஒருமுறை எஸ்டர் பிணைப்பு வருகிறது. தண்ணீர் மூலக்கூறு புகுந்து வெட்டக்கூடிய இடம் அதுதான். உடம்பில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. பொருத்திய நாளிலிருந்தே வெட்டு விழத் தொடங்குகிறது. நீளச் சங்கிலி குட்டையாகி, குட்டைச் சங்கிலி துண்டாகி, கடைசியில் லாக்டிக் அமிலமாக முடிகிறது. வேளிமலை ஏறும்போது நம் தசையில் உண்டாவதும் அந்த அமிலம்தான். அதை எரித்துக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாற்றும் வழி ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. திருகின் பெரும்பகுதி கடைசியில் மூச்சுக்காற்றாக வெளியேறுகிறது என்று சொன்னால் மிகையில்லை.

இதே குடும்பத்தில் பாலிகிளைகாலிக் அமிலம் உண்டு. இரண்டையும் கலந்த பிஎல்ஜிஏ உண்டு. பாலிகாப்ரோலாக்டோன் உண்டு. லாக்டிக் அமிலத்தில் கூடுதலாக ஒரு மீத்தைல் தொகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது தண்ணீரைச் சற்று விலக்கி வைக்கும். கிளைகாலிக் அமிலத்தில் அந்தக் காவல் இல்லை. அந்த ஒரே வித்தியாசத்தால் கிளைகாலிக் பாலிமர் சில வாரங்களில் வலுவிழக்க, படிக அமைப்புள்ள லாக்டிக் பாலிமர் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. சரிபாதியாகக் கலந்தால் ஒன்றிரண்டு மாதத்தில் சிதையும். பாலிகாப்ரோலாக்டோன் இரண்டு மூன்று ஆண்டு எடுத்துக்கொள்ளும். கலவையின் விகிதத்தை மாற்றி ஆயுளைத் திட்டமிடலாம் என்பதுதான் இந்தத் துறையின் மூலதனம்.

இந்தப் பொருள்களின் பிறப்பே ஒரு வேடிக்கை. குளச்சல் வலைகளில் இருக்கும் நைலானை உருவாக்கிய வாலஸ் கரோதர்ஸ் 1932-லேயே லாக்டிக் அமிலத்திலிருந்து பாலிமர் செய்து பார்த்தவர். ஈரம் பட்டால் சிதைந்துவிடும் நூலைத் துணி ஆலை எப்படி வாங்கும்? பல்லாண்டுகள் அது பயனற்ற பொருளாகவே கிடந்தது. சிதைவதையே வேலையாகக் கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது, அது அறுவை மேசை என்று கண்டுகொண்ட பிறகுதான் அதற்கு வாழ்வு வந்தது. 1970-ஐ ஒட்டிப் பாலிகிளைகாலிக் தையல் நூல் விற்பனைக்கு வந்தது. 1974-இல் லாக்டிக் அமிலத்தைப் பத்துக்கு ஒரு பங்கு சேர்த்த விக்ரில் வந்தது. இன்று பிரசவ அறுவைக்கும் குடலிறக்க அறுவைக்கும் உள்தையலாகப் போடும் ஊதா நிற முறுக்கு நூல் பெரும்பாலும் இந்தக் குடும்பத்துப் பிள்ளை. உங்கள் வீட்டில் யாராவது அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தால் இந்தப் பிளாஸ்டிக் ஏற்கெனவே அவர்கள் உடம்பில் புகுந்து மறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அதற்கு முன்னால் கேட்கட். ஆடு மாடுகளின் குடலிலிருந்து திரித்த நூல். 1922, 1924 ஆண்டுகளில் எவரெஸ்ட் ஏறப்போன குழுக்களில் இருந்த அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல் பின்னர் நம் நெய்யூரில் பல்லாண்டு பணியாற்றினார் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அவர் காலத்தில் உலகெங்கும் உள்தையலுக்கு அதுதான் கதி. அதன் தொல்லை என்னவென்றால், அதை அரிப்பது தண்ணீர் அல்ல, நொதிகள். நொதியின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். சீழ் பிடித்த புண்ணில் பல மடங்கு பெருகும். எந்தப் புண்ணுக்குத் தையல் நீண்டநாள் நிற்க வேண்டுமோ அந்தப் புண்ணில்தான் அது சீக்கிரம் அறும். தண்ணீரோ எல்லா உடம்பிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். செயற்கை நூல் வென்றதற்கு இதுவே முதற்காரணம். அது எத்தனை நாள் நிற்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிந்தது.

நான் வலியுறுத்த விரும்புவதும் இந்த நாள் கணக்கைத்தான். "கரையுமா, கரையாதா?" என்று கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். எப்போது வலுவிழக்கும், எப்போது முழுதாக மறையும் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. விக்ரில் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வார முடிவில் அதன் இழுவலுவில் ஏறத்தாழ முக்கால் பங்கு இருக்கும், மூன்றாம் வாரம் பாதி. ஆனால் நூல் முழுதாக மறைய 56 முதல் 70 நாள் ஆகும். சங்கிலி ஓரிரு இடத்தில் அறுந்தாலே வலு போய்விடும். துண்டுகள் கரையும் அளவுக்குச் சிறிதாகும்வரை எடை குறையாது. எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் திருகின் வடிவம் அப்படியே தெரிந்தாலும் அது எப்போதோ தன் வேலையை நிறுத்தியிருக்கலாம்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பாலிமர் வில்லைகளை 37 டிகிரி வெப்பத்தில், இரத்தத்தின் காரத்தன்மை கொண்ட பாஸ்பேட் நீரில் போட்டு, வாரா வாரம் ஒன்றை எடுத்து உலர்த்தி எடை பார்ப்பார்கள். முதலில் பல வாரங்கள் எடை அசையாது. புதிதாக வந்த மாணவர்கள் ஏதோ கோளாறு என்று கவலைப்படுவதும் அப்போதுதான். தடித்த வில்லை ஒன்றைக் குறுக்கே வெட்டினால் அசல் வேடிக்கை தெரியும். வெளியே ஒரு மெல்லிய ஓடு திடமாக இருக்க, உள்ளே மட்டும் பிசுபிசுத்த திரவமாகியிருக்கும். தண்ணீர் வெளியிலிருந்துதானே புகுகிறது, வெளிப்புறமல்லவா முதலில் கெட வேண்டும்? வெளிப்பக்கத்தில் உண்டாகும் அமிலம் சுற்றியுள்ள நீரில் கலந்து வெளியேறிவிடுகிறது. உட்பக்கத்து அமிலம் வெளியேற வழியின்றித் தங்கி, எஸ்டர் பிணைப்புகளை இன்னும் வேகமாக வெட்டுகிறது. ஆகவே இந்தப் பாலிமர்களில் தடித்த பொருள் மெல்லிய பொருளைவிட உள்ளுக்குள் வேகமாகச் சிதையக்கூடும். ஒருநாள் ஓடு உடையும்போது தேங்கிய அமிலம் மொத்தமாக வெளியே கொட்டும். சிலருக்குச் சில மாதங்கள் கழித்து வலியோ நீர்க்கோப்போ வருவதற்கு இப்படி ஒரு காரணமும் சொல்லப்படுகிறது.

மறுபக்கமும் உண்டு. கன்ன எலும்பு முறிவுக்குப் படிகப் பாலிலாக்டிக் தகடுகளை வைத்த நோயாளிகள் சிலர், எல்லாம் ஆறி மறந்த பிறகு, மூன்று ஆண்டுகள் கழித்துக் கன்னம் வீங்கி மருத்துவர்களிடம் திரும்பி வந்தார்கள். 1990-களில் நெதர்லாந்து அறுவை மருத்துவர்கள் இதை விரிவாகப் பதிவு செய்தார்கள். திறந்து பார்த்தால் தகடு இல்லை. அதன் படிகத் துகள்கள் இருந்தன, அவற்றை விழுங்கி முடிக்கத் திணறும் பாதுகாப்பு செல்கள் இருந்தன. சங்கிலியில் ஒழுங்கற்றுக் கிடக்கும் பகுதிகள் முதலில் சிதைந்துவிடும்; இறுகிய படிகப் பகுதிகள் பிடிவாதமாக நிற்கும். மெல்லக் கரைவது நல்லது என்று நினைத்துச் செய்த பொருள் தேவைக்கு மேல் மெதுவாகிவிட்டது. உங்கள் முதல் கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்: இதில் நஞ்சு என்று எதுவும் இல்லை, வேகம் பிசகினால் தொல்லை உண்டு.

இந்தத் தொல்லைகளையெல்லாம் பார்த்துத்தான் இப்போதைய திருகுகளில் தனிப் பாலிலாக்டிக் அமிலம் குறைந்து, கால்சியம் பாஸ்பேட் தூள் கலந்த கலவைகள் வந்திருக்கின்றன. அந்தத் தூள் அமிலத்தை ஓரளவு சமன்படுத்தும், எலும்பு வந்து ஒட்டவும் இடம் கொடுக்கும். இருந்தாலும் உலோகத்தின் உறுதி வராது. முறுக்கும்போதே திருகு உடைவது கரையும் வகையில் அவ்வப்போது நடக்கும். டைட்டானியத்தில் அது மிக அரிது. இரண்டு வகையையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், நோயாளி நடப்பதிலும் ஓடுவதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. கரையும் வகைக்கு உள்ள சாதகம், பின்னாளில் எம்ஆர்ஐ எடுத்தால் படத்தில் உலோக நிழல் விழாது. நார் மறுபடி அறுந்து இரண்டாவது அறுவை செய்ய நேர்ந்தால் பழைய திருகைப் பிடுங்கும் வேலை குறையலாம். டைட்டானியம் உள்ளேயே இருந்தாலும் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, எம்ஆர்ஐ எடுக்கவும் தடையில்லை.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், மாமாவின் இடத்தில் நான் இருந்தால் விலை வித்தியாசத்தைப் பிசியோதெரபிக்கு ஒதுக்குவேன். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு சரிவில் மரம் மரமாக ஏறி இறங்க வேண்டிய கால் அது. அந்த வேலைக்கு அவர் எப்போது திரும்பலாம் என்பதைத் திருகு தீர்மானிப்பதில்லை. பொருத்திய நார் முதிர்ந்து வலுப்பெற ஒன்பது மாதமோ ஓராண்டோ ஆகும். தொடைத் தசை பழைய வலிமைக்குத் திரும்ப நாள்தோறும் பயிற்சி வேண்டும். ஆறு வாரத்தில் வலி போய்விட்டது என்று தோட்டத்துக்குக் கிளம்பினால் எந்தத் திருகாலும் காப்பாற்ற முடியாது. கரையும் திருகுதான் என்று மருத்துவர் காரணத்தோடு சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். அது தனிப் பாலிலாக்டிக் அமிலமா, கால்சியம் பாஸ்பேட் கலந்ததா, அவர் கைக்குப் பழகிய வகையா என்று மட்டும் கேளுங்கள். உறையை உங்கள் கண்முன் காட்டச் சொல்வதிலும் தவறில்லை. இந்தப் பொருள்கள் அலுமினியத் தாள் உறையில் ஈரம் புகாமல் அடைத்து வருகின்றன. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையிலும் நனைந்து, துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழையிலும் நனையும் நம் மாவட்டத்தில், உறை பிரிந்த பாலிமர் மேசை மேல் கிடந்தாலே சிதைவு தொடங்கிவிடும். உலோகக் கருவிகளைப்போல நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கவும் முடியாது. பாலிலாக்டிக் அமிலம் 60 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும், நீராவியின் ஈரமோ சங்கிலியை வெட்டும்.

அடுத்தது விளம்பரம். திருகு என்பது பிடிமானம் மட்டுமே. திசுவை வளர்ப்பது வேறு சங்கதி. அதற்கு வேண்டியது கட்டட வேலையில் கட்டும் சாரத்தைப் போன்ற ஒன்று. செல்கள் ஏறி, பற்றி, தங்கள் சுவரை எழுப்பும்வரை நிற்க வேண்டும். சுவர் இறுகியதும் விலக வேண்டும். துறையில் அதன் பெயரும் சாரம்தான்.

சாரம் செய்யும் வழிகளில் பழையதும் எளியதும் உப்பு முறை. பிஎல்ஜிஏ பாலிமரைக் குளோரோஃபார்மில் கரைத்துக் குழம்பாக்கி, அதில் சலித்த உப்புப் பரல்களைக் கலந்து அச்சில் ஊற்றிவிட்டுக் கரைப்பானைப் பறக்கவிடுவார்கள். பிறகு அந்தக் கட்டியை நாள் கணக்கில் தண்ணீரில் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் உப்பு வெளியேறி, அது இருந்த இடமெல்லாம் துளையாக நிற்கும். துளையின் அளவு உப்புப் பரலின் அளவுதான். நம் மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்தில் குவித்திருக்கும் கல்லுப்பு இதற்கு மிகப் பெரிது; இடித்து, சல்லடையில் இரண்டு முறை சலித்து, 200 முதல் 300 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பரலை மட்டும் எடுக்க வேண்டும். எலும்புக்குக் குறைந்தது 100 மைக்ரான் துளையாவது வேண்டும், 300-ஐ ஒட்டி இருந்தால் இரத்தக் குழாயும் நுழையும். உப்பு குறைந்தால் துளைகள் தனித்தனி அறைகளாக நின்றுவிடும், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழியிருக்காது. கூடினால் சாரம் விரல் பட்டாலே நொறுங்கும். இப்போது முப்பரிமாண அச்சும் மின்விசையால் நூற்கும் நுண்ணிழைகளும் வந்துவிட்டன. ஆனாலும் துளைக்கும் வலுவுக்கும் நடக்கும் இந்த இழுபறி அங்கேயும் மாறவில்லை.

இதில் உருப்படியாகக் கைகூடியது தோல்தான். எம்ஐடியின் அயானிஸ் யானஸும் அறுவை மருத்துவர் ஜான் பர்க்கும் தீக்காயத்துக்காக ஒரு சாரத்தை 1980-ஐ ஒட்டி உருவாக்கினார்கள். மாட்டுத் தசைநாணின் கொலாஜன், சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைப் பொருள், மேலே ஈரம் காக்கச் சிலிக்கோன் தாள். சாரம் ஓரிரு நாளில் சிதைந்தாலும் புண் சுருங்கித் தழும்பாகிவிடுகிறது, மாதக்கணக்கில் நின்றாலும் அப்படியே. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பாதி சிதைவதாக அமைத்தால்தான் அடித்தோல் ஒழுங்காக உருவாகிறது என்பதை யானஸ் கண்டறிந்தார். நாள் கணக்கு என்று நான் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1996-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2012-இல், மூச்சுக்குழல் கிளை இற்றுச் சரிந்து மூச்சு நின்றுவிடும் ஒரு குழந்தைக்குப் பாலிகாப்ரோலாக்டோனில் அச்சிட்ட தாங்கியை வெளிப்புறமாகப் பொருத்தினார்கள். ஏன் அந்தப் பொருள்? குழலின் சொந்தக் குருத்தெலும்பு உறுதிப்பட இரண்டு மூன்று ஆண்டு தேவை. பாலிகாப்ரோலாக்டோன் மறையவும் அவ்வளவே ஆகும். குழந்தை பிழைத்தது. கச்சிதமான பொருத்தம்.

தோல்விகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரத்தில் அவை வராது. 2006-இல் அமெரிக்க ஆய்வாளர் அந்தோனி அட்டாலாவின் குழு, நோயாளிகளின் சொந்த செல்களைச் சிதையும் சாரத்தில் வளர்த்து ஏழு பேருக்குச் சிறுநீர்ப்பையைச் சீரமைத்ததாக அறிவித்தபோது உலகமே கைதட்டியது. அதே வழியில் பின்னர் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையில் எதிர்பார்த்த முன்னேற்றம் வரவில்லை. 2014-இல் அந்த முடிவு வெளிவந்தபோது கைதட்ட யாரும் இல்லை. இதய ஸ்டென்ட் கதையும் அப்படித்தான். பாலிலாக்டிக் அமிலத்தால் செய்த அப்சார்ப் ஸ்டென்ட் 2016 ஜூலையில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிளாஸ்டிக் உலோகத்தைவிட வலுக் குறைந்தது என்பதால் கம்பியைத் தடிமனாக்க வேண்டியிருந்தது: உலோக ஸ்டென்ட்டில் 80 மைக்ரான் அளவு என்றால் இதில் 150-க்கு மேல். தடித்த கம்பியில் இரத்தம் சுழன்று உறையும் ஆபத்து கூடியது. 2017 செப்டம்பரில் நிறுவனமே விற்பனையை நிறுத்தியது. எண்ணம் முழுதாகச் செத்துவிடவில்லை. முழங்காலுக்குக் கீழுள்ள இரத்தக் குழாய்களுக்கான புது வடிவம் 2024-இல் அங்கே அனுமதி பெற்றிருக்கிறது.

சிறுநீரகத்தையோ கல்லீரலையோ ஏன் இன்னும் வளர்க்க முடியவில்லை என்றால், இரத்தக் குழாய்தான் காரணம். குழாயிலிருந்து ஏறத்தாழ 200 மைக்ரானுக்கு அப்பால் இருக்கும் செல்லுக்கு ஆக்சிஜன் எட்டாது. மெல்லிய தோல் பிழைத்துவிடும், தடித்த உறுப்பின் நடுப்பகுதி மூச்சுத் திணறிச் சாகும். முதுகில் மனிதக் காதோடு ஓர் எலி இருக்கும் படம் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதில் இருப்பது மனிதக் காது அல்ல. காது வடிவ பாலிகிளைகாலிக் வலையில் மாட்டுக் குருத்தெலும்புச் செல்களை விதைத்து எலியின் தோலுக்கடியில் வைத்தது. 1997-இல் வெளிவந்தது. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் தேவையில்லை என்பதால்தான் அதுவும் முடிந்தது.

முழங்காலில் இன்று முறையாகச் செய்யப்படுவது ஒன்று உண்டு. நோயாளியின் குருத்தெலும்பிலிருந்து சிறிது எடுத்து, ஆய்வகத்தில் செல்களைப் பெருக்கி, கொலாஜன் படலத்தில் ஏற்றி, பள்ளம் விழுந்த இடத்தில் பதிப்பது. இவ்வகைப் படலம் ஒன்றுக்கு 2016 டிசம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதுவும் அடிபட்டு ஓர் இடத்தில் மட்டும் பெயர்ந்த குருத்தெலும்புக்கு. வயதில் முழு மூட்டும் தேய்ந்தவருக்கு அது சரிப்படாது. அறுந்த தசைநாரை மறுபடி கட்டவும் உதவாது. அறுவையும் அதில் உண்டு. உங்களுக்கு வந்த விளம்பரம் ஒரே ஊசியில் எல்லாம் வளரும் என்கிறது. எந்த செல், எந்தச் சாரம், எங்கே வளர்த்தது, யார் அனுமதித்தது என்ற விவரம் ஒன்றும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல், இரத்தம் சார்ந்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றத்தைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை நிலைபெற்ற சிகிச்சையாக ஏற்கவில்லை. அவை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வு என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. கட்டணப் பட்டியலோடு வரும் ஸ்டெம் செல் ஊசியை நான் தொடமாட்டேன், மாமாவையும் தொடவிடாதீர்கள்.

ரப்பருக்கு வருகிறேன். ஆசையான கேள்விதான், ஆனால் உடம்புக்குள் மறையும் பொருளாக ரப்பர் ஆகாது. ரப்பர் பாலும் பாலிமர்தான், பாலிஐசோப்ரீன். அதன் முதுகெலும்பு முழுக்கக் கார்பன். எஸ்டர் பிணைப்பு ஒன்றுகூட இல்லை. தண்ணீருக்கு வெட்ட இடமில்லை, நம் உடம்பில் அதற்கென நொதியும் இல்லை. மரத்தடியில் கிடக்கும் ஒட்டுப்பால் எத்தனை மழை கண்டாலும் இழுபடுவதைப் பார்த்திருப்பீர்கள். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தினால் இன்னும் பிடிவாதம். போதாக்குறைக்கு, பாலில் உள்ள புரதங்கள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும். உடம்புக்கு வெளியே மட்டும் ஒரு வாசல் திறந்திருக்கிறது: ரப்பர் பாலில் செய்த மெல்லிய படலத்தை ஆறாத புண்ணுக்கு மூடுதுணியாகப் பிரேசில் ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள், புது இரத்தக் குழாய்கள் வளர அது தூண்டுவதாகச் சொல்கிறார்கள்.

ஆனால் ரப்பர் தோட்டத்து ஓரத்தில் மரச்சீனி (மரவள்ளி) இருக்குமே, அதைக் கவனியுங்கள். மாவுச்சத்தை நொதிக்கவைத்தால் லாக்டிக் அமிலம், அதை வளையமாக்கித் தூய்மைப்படுத்தினால் லாக்டைடு, அதைக் கோத்தால் பாலிலாக்டிக் அமிலம். திருகின் மூலப்பொருள் ஏதாவது ஒரு மாவிலோ சர்க்கரையிலோதான் தொடங்குகிறது. மரச்சீனி அதற்கு முற்றிலும் தகுதியானது. திருவிதாங்கூரின் விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சத்துக்காகப் பரப்பிய கிழங்கு முழங்காலுக்குள்ளும் போகலாம். கிழங்கு மலிவு, தூய்மைதான் விலை. முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்குக் கடையில் விற்கும் பாலிலாக்டிக் இழையும் பெயரளவில் இதே பொருள். சாயமும் வினையூக்கி மிச்சமும் கலந்த அதை யாரும் உடம்பில் வைக்க மாட்டார்கள்.

கடற்கரையில் இன்னும் வளம். இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் என்ற பாலிமரை எடுக்கிறார்கள். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அதற்கான செய்முறையை நெடுநாளாகவே வைத்திருக்கிறது. கைட்டோசான் இரத்தத்தைச் சட்டென்று உறையவைக்கும். அமெரிக்க ராணுவம் ஈராக் போரில் அதில் செய்த காயக்கட்டுகளைப் பயன்படுத்தியது. நம் கண்ணீரிலும் உமிழ்நீரிலும் உள்ள லைசோசைம் என்ற நொதி அதைச் சிதைக்கும். மீன் தோலில் கொலாஜன் நிறைய. ஐஸ்லாந்தில் காட் மீன் தோலைப் புண்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். குளிர்கடல் மீனின் கொலாஜன் சிறு வெப்பத்திலேயே சுருளிழந்துவிடும். வெப்பக் கடலில் வாழும் மீன்களின் கொலாஜன் அதைவிடச் சூடு தாங்கும். முட்டத்திலும் சின்னமுட்டத்திலும் இறங்கும் மீன்களுக்கு அந்தச் சாதகம் உண்டு.

இவற்றையெல்லாம் தொடங்கப் புதிதாக யாரும் வர வேண்டியதில்லை. கொலாஜனின் மூவிழை முறுக்கை 1954-இல் உலகுக்குக் காட்டியது சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அதற்காக அவர்கள் வரவழைத்தது கங்காரு வால் தசைநாண். நாகர்கோவிலிலிருந்து ரயிலேறினால் இரண்டு மணி நேரத்துக்குள் எட்டும் திருவனந்தபுரத்தில், ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு பூஜப்புரை சாட்டல்மண்ட் அரண்மனையில் இயங்குகிறது. பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கி அவர்கள் உருவாக்கிய தோல் சாரத்துக்கு 2023-இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி கிடைத்தது. கசாப்புக் கழிவிலிருந்து அதைச் செய்ய முடிந்தது என்றால் இறால் ஓட்டிலும் மீன் தோலிலும் ஏன் முடியாது? வேலையின் பெரும்பகுதி ஓட்டையும் தோலையும் அழுகுமுன் சேகரிப்பதிலும், ஒவ்வொரு முறை தயாரிக்கும் கொத்தும் முந்தையதைப்போலவே இருக்கும்படி பார்த்துக்கொள்வதிலும்தான் இருக்கிறது. அதற்குத் துறைமுகத்தின் பக்கத்திலேயே ஐஸ் வசதியோடு ஒரு கூடமும், கொத்துக் கொத்தாகச் சோதித்துக் கணக்கெழுத நாலைந்து வேதியியல் பட்டதாரிகளும் வேண்டும். இரண்டுமே இந்த மாவட்டத்தில் கிடைக்காத பொருள் அல்ல.